கேள்வி பதில்: இங்கிலாந்துக் கடற்கரைகளில் மலக்கிருமிச் சோதனை

லண்டன் வாசகி: கடற்கரைப் பலகையில் மூன்று நட்சத்திரம் இருக்கிறது. பிள்ளைகளை இன்று தண்ணீரில் இறக்கலாமா, ஐயா?

அந்த நட்சத்திரங்கள் இன்றைய நீரைப் பற்றிப் பேசவில்லை, அம்மா. மே 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான குளியல் பருவத்தில் சுற்றுச்சூழல் முகமை மாதிரி எடுக்கிறது. வழக்கமாக நான்கு பருவங்களின் முடிவுகளைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை தரம் பிரிக்கிறது. கடற்கரையின் நெடுநாள் குணத்தைப் பலகை சொல்லும். நேற்றிரவு பெய்த மழையைச் சொல்லாது. ஆகவே கனமழை பெய்திருந்தால், மூன்று நட்சத்திரக் கரையானாலும் ஓரிரு நாள் பொறுத்திருப்பதே நல்லது.

பிரைட்டன் வாசகர்: காலையில் எடுத்த நீரின் முடிவை மாலையில் அறிவிக்க முடியாதா?

வழக்கமான முறையில் முடியாது. கிருமி வளர்ந்தால்தான் எண்ண முடியும். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமுள்ள இடத்தில், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே, கிருமி நீக்கிய புட்டியில் நீரைப் பிடித்து, வெயில் படாமல் குளிரில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் நீரை வடிகட்டி, அந்தச் சவ்வைக் கிருமி வளர்க்கும் அகர் கூழ்த் தட்டின் மேல் படியவைப்பார்கள். மலத்தில் வரும் குடல் கிருமி வகையான எண்டெரோகாக்கையானால் 36 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்துச் சிவப்பு, அரக்கு நிறப் புள்ளிகள் எழும். சவ்வைப் பித்த உப்புள்ள மற்றொரு தட்டுக்கு மாற்றி, 44 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அடியில் கருமை படர்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கில் சேர்ப்பார்கள். முடிவு கைக்கு வரும்போது, அந்த நீர் பல அலைகளைக் கண்டிருக்கும்.

பர்மிங்காம் மாணவி: ஈ.கோலி என்ற குடல் கிருமி ஒன்றை மட்டும் சோதித்தால் போதாதா?

கடலில் போதாது. உப்பும் வெயிலும் ஈ.கோலியை விரைவில் அழிக்கின்றன. எண்டெரோகாக்கை கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது. 1989 முதல் 1992 வரை பிரிட்டனின் நான்கு கடற்கரைகளில், தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் குளிப்போர், குளிக்காதோர் எனப் பிரித்து நடத்திய ஆய்வில், வயிற்றுப்போக்கு நோயோடு ஒத்துவந்தது இந்த வகைக் கிருமியே. நோய் தருபவை பெரும்பாலும் வைரஸ்கள்; இவ்விரு கிருமிகளும் மலம் கலந்ததற்கான சாட்சிகள் மட்டுமே.

லெஸ்டர் வாசகர்: சராசரி ஒன்றாக இருக்கும் இரு கரைகளுக்கு எப்படி வேறு வேறு தரம் வருகிறது?

தரத்தைத் தீர்மானிப்பது சராசரி மட்டுமன்று. முடிவுகளை மடக்கைக்கு (லாகரிதம்) மாற்றி, அவற்றின் சராசரியோடு திட்ட விலக்கத்தின், அதாவது முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவின், 1.65 மடங்கைக் கூட்டி, மீண்டும் எண்ணாக்குகிறார்கள். இதுவே 95ஆம் சதமானம்; நூற்றில் 95 மாதிரிகள் இதற்குள் அடங்கும் என்று கணிக்கும் எண். இரு கரைகளிலும் 100 மி.லி. நீருக்கு எண்டெரோகாக்கையின் மடக்கைச் சராசரி 1.5, அதாவது ஏறக்குறைய 32, என்று வைத்துக்கொள்வோம். விலக்கம் 0.3 உள்ள கரைக்கு 99 வரும். 100 என்ற வரம்புக்குள் இருப்பதால், ஈ.கோலியும் 250ஐத் தாண்டாவிட்டால், அது மூன்று நட்சத்திரம் பெறும் முதல் தரம். விலக்கம் 0.5 உள்ள கரைக்கு 211 வரும். இரண்டாம் தர வரம்பான 200ஐயும் தாண்டிவிடும். எப்போதாவது மோசமாகும் கரையைச் சராசரி மறைத்துவிடும் என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

மான்செஸ்டர் வாசகர்: மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பழைய நகரங்களில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால், வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாதிருக்க, உபரியை ஆற்றிலோ கடலிலோ திறந்துவிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்துச் சாணமும் ஓடைகளில் வந்து சேரும். கலங்கிய நீருக்குள் வெயில் புகாததால் கிருமிகள் சாவதும் தாமதமாகிறது.

அதே வாசகர்: கடற்பறவை எச்சமா, மனித மலமா என்று பிரித்தறிய முடியுமா?

தட்டில் எண்ணிப் பிரிக்க முடியாது. மனிதக் குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் வகைக் கிருமிகளின் டி.என்.ஏ. அடையாளத்தைத் தேடினால் துப்புக் கிடைக்கும்.

சென்னை வாசகர்: மெரினாவுக்கும் இதே அளவுகோலா?

இல்லை. இந்தியாவில் குளிப்பதற்கான கடல்நீருக்கு 100 மி.லி.யில் மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலி உள்ளிட்ட குடல் கிருமித் தொகுதி) 100 என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அளக்கப்படும் கிருமித் தொகுதியும் கணக்கிடும் முறையும் வேறு என்பதால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. மெரினாவுக்கு வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன. ஆகவே எந்த அறிக்கையைப் படித்தாலும், முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தொலைவில், மழைக்கு எத்தனை நாள் கழித்து மாதிரி எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.