“இன்னும் எத்தனை நாள்?” – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எரேமியா 29:11-ஐ வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக வேலைக்காக ஜெபிக்கிறேன். “இந்த ஆண்டே கிடைக்கும்” என்று உறுதியாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால், ஒன்றும் நடக்கவில்லை. என் விசுவாசத்தில் குறையா?

பதில்: குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை சகோதரரே. அந்த வசனத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். ஒரு வசனம் மேலே போய் வாசியுங்கள். “எழுபது வருஷம் நிறைவேறினபின்பு” என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அன்று அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க வழியில்லை. 11-ம் வசனத்தில் “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று கர்த்தர் சொன்னது அவர்களையும் சேர்த்துத்தான்.

28-ம் அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். பாபிலோனுக்குப் போன ஆலயப் பொருட்களும் சிறைப்பட்டவர்களும் இரண்டே வருஷத்தில் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அறிவித்தான். எரேமியா முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவருடைய ஆசையும் அதுதான். ஆனால் கர்த்தர் கொடுக்காத தேதியை அவர் பெயரில் சொன்னதற்காக அனனியா கண்டிக்கப்பட்டான். உங்களிடம் நாள் குறித்துச் சொன்னவர்கள் அன்பினால் சொல்லியிருக்கலாம். அன்பினால் சொன்னாலும், காலங்களும் வேளைகளும் பிதாவின் ஆதீனத்தில் இருக்கின்றன என்று ஆண்டவர் சொன்னது (அப்போஸ்தலர் 1:7) மாறாது. அந்தத் தேதி பொய்த்ததற்கு நீங்கள் பொறுப்பல்ல. அதைக் கர்த்தர்மேல் கோபமாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

சரி, அதுவரை என்ன செய்வது? அதே கடிதத்தின் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், குடும்பமாகுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. தோட்டம் போட்டவன் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. தினமும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஆகவே தற்காலிக வேலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் எந்தக் கட்டத்தில் நிராகரிக்கப்படுகின்றன என்று குறித்து வையுங்கள். நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லையென்றால் விண்ணப்பத்தைத் திருத்த வேண்டும். அழைப்பு வந்து அங்கே தடைப்பட்டால் பயிற்சி வேண்டும். “சின்ன வேலையை எடுத்தால் கர்த்தர் வைத்திருக்கிற வேலை போய்விடுமோ” என்ற பயத்துக்கு இந்தக் கடிதத்தில் இடமே இல்லை.

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். பிள்ளை இல்லை. சிகிச்சைக்குப் போனால், “கர்த்தரின் வேளைக்குக் காத்திராமல் இஸ்மவேலைப் பெறாதே” என்கிறார்கள். நாங்கள் செய்வது அவிசுவாசமா?

பதில்: இல்லை சகோதரி. அந்த வார்த்தை உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. அப்படிச் சொல்கிறவர்கள் ஆதியாகமம் 16-ஐ நிதானமாக வாசித்ததில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75 வயது. இஸ்மவேல் பிறந்தபோது 86. கர்த்தர் வாக்குக் கொடுத்த பிள்ளையான ஈசாக்கு பிறந்தபோது 100. இந்த 25 ஆண்டுகளில் நடந்த தவறு எது? முயற்சி செய்தது தவறில்லை. பிள்ளையில்லாத சாராய் தன் அடிமைப்பெண்ணைக் கணவன் ஆபிராமுக்கு (ஆபிரகாமின் அன்றைய பெயர்) கொடுத்து, அவள்மூலம் பிள்ளை பெறப் பார்த்தாள். அப்படிப் பிறந்தவன்தான் இஸ்மவேல். ஒரு பெண்ணைக் கருவியாக்கியதுதான் தவறு. அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் பேசுகிற வார்த்தைகளைக் கவனியுங்கள். “அடிமைப்பெண்” என்கிறார்கள். ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்லவில்லை. “ஆகாரே” என்று முதலில் கூப்பிட்டவர் வனாந்தரத்தில் அவளைச் சந்தித்த கர்த்தருடைய தூதன். அந்தத் திட்டத்தைப்பற்றிக் கர்த்தரிடம் கேட்டதாகவும் அங்கே எழுதப்படவில்லை.

ஆகவே எந்த முயற்சியானாலும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இதனால் வேறொருவர் நசுக்கப்படுகிறாரா? பொய் சொல்லியோ மறைத்தோதான் செய்ய முடியுமா? தேவனுடைய கட்டளை ஏதாவது மீறப்படுகிறதா? “வேண்டாம்” என்று அவர் உணர்த்தினால் நிறுத்த மனமிருக்கிறதா? மருத்துவரிடம் போவதை இந்தக் கேள்விகள் தடுக்கவில்லை. பவுல் தன்னோடிருந்த லூக்காவைப் “பிரியமான வைத்தியன்” என்றே குறிப்பிடுகிறார்.

சில குறிப்பிட்ட முறைகளில் மனசாட்சி உறுத்தினால், தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனை இருவருக்கும் நடக்கட்டும். மனைவியை மட்டும் அலையவைப்பது மருத்துவப்படியும் தவறு. எத்தனை முறை, எவ்வளவு செலவு, எப்போது உட்கார்ந்து மறுபடி யோசிப்பது என்று கணவரும் நீங்களும் முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். அந்தத் தேதி உங்கள் முடிவுக்கானது. கர்த்தருக்கு விதித்த கெடுவாக அது மாறிவிடக் கூடாது.

ஜெபமும் ஏற்பாடும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை என்பதற்கு நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தியைக் கிஸ்லேயு மாதத்தில் கேட்டு அழுதார், உபவாசித்தார். ராஜாவிடம் பேச வாய்ப்பு வந்தது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. “உனக்கு என்ன வேண்டும்” என்று ராஜா கேட்டதும் அவர் தடுமாறவில்லை. போய்வர ஆகும் காலத்தைச் சொன்னார். அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார். மரம் தரும்படி வனக்காவலன் ஆசாபுக்கு, பெயர் சொல்லியே, ஒரு கடிதம் கேட்டார். காத்திருந்த நாட்களில் உட்கார்ந்து கணக்குப் போட்டவரால்தான் அப்படிக் கேட்க முடியும். பிறகு அலங்கம் 52 நாளில் முடிந்தது.

ஈசாக்கு 40 வயதில் மணந்து 60 வயதில் தகப்பனானார். ரெபெக்காளோடு 20 ஆண்டுகள். அந்த வீட்டைக் கர்த்தர் மறக்கவில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் இதே முடிவு வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். விசுவாசத்தோடே மரித்தும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாதவர்களையும் எபிரெயர் 11 பட்டியலில் வைத்திருக்கிறது.

கேள்வி: “ஏன் இவ்வளவு தாமதம்” என்று கர்த்தரிடம் கேட்பது முறுமுறுப்பு ஆகாதா?

பதில்: ஆகாது. 13-ம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு முறை “எதுவரைக்கும்” வருகிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் கர்த்தரைப்பற்றி ஒருவரோடொருவர் பேசினார்கள். தாவீது கர்த்தரிடமே பேசுகிறார். அந்தச் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபியுங்கள். கடைசிப் பகுதி வாயில் வராத நாளில் முதல் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

கேள்வி: பல ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியை நடத்தினேன். இப்போது இளையவரிடம் கொடுத்துவிட்டார்கள். இது கர்த்தர் குறித்த காலமா, அல்லது என்னைத் தள்ளிவிட்டார்களா?

பதில்: அவர்கள் மனதில் இருந்தது என்னவென்று எங்களால் சொல்ல முடியாது. அதை நேரில் கேட்டுத் தெளிவது நல்லது. ஆனால் எண்ணாகமம் 8:24-26 உங்களுக்காகவே எழுதினதுபோல் இருக்கிறது. ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் (வனாந்தரத்தில் இருந்த ஆராதனைக் கூடாரம்) பணிவிடைக்கு வந்தார்கள். 50 வயதில் அந்த வேலையை விட்டார்கள். வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, சகோதரரோடு காவல்காக்கிற ஊழியத்தில் இருந்தார்கள். பாரம் சுமக்கிற காலம் முடிந்து காவல் காக்கிற காலம் தொடங்கியது.

உங்களுக்கும் அந்த இடம் இருக்கிறது. பாடக் குறிப்புகளையும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்பதையும் புதியவரிடம் ஒப்படையுங்கள். முதல் சில மாதங்கள் வகுப்புக்குள் போக வேண்டாம். பிள்ளைகள் பழக்கத்தில் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள், அவர் தடுமாறிப்போவார். அவர் கேட்கும்போது மட்டும் ஆலோசனை சொல்லுங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு நான்கு பெயராக ஜெபியுங்கள்.