வாங்கும் முன் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புத்தகப் பைத்தியங்கள் எழுதியவை. நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்பதால், ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய புதிய நாவல். 144-ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடியும் 129 வருகிறது. அது 144 வரை போய், அங்கிருந்து நேராக 161-க்குத் தாவுகிறது. வாங்கி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, நேற்றுதான் அந்த இடத்தைத் தொட்டேன். திருப்பி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறை வந்தது 16 பக்கம், காணாமல் போனதும் 16 பக்கம். பெரிய தாளில் பல பக்கங்களை அச்சடித்து மடித்து எடுக்கும் கட்டுக்கு அச்சகத்தில் 'பாரம்' என்று பெயர். உங்கள் புத்தகத்தில் பாரத்துக்கு 16 பக்கம். பாரங்களை வரிசையாக அடுக்கும்போது பத்தாவதை வைக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாவதையே இன்னொரு முறை வைத்துவிட்டார்கள். அதாவது இது தயாரிப்பிலேயே நடந்த பிழை. மனம் மாறித் திருப்பித் தருவதும், குறையுள்ள பொருளைத் திருப்பித் தருவதும் ஒன்றல்ல. பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்களும் இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கின்றன. இதைக் கடைக்காரருக்கு எழுத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஆனால் அவரோடு மல்லுக்கட்டுவதைவிடப் பதிப்பகத்துக்கு எழுதுவது சுருக்கு வழி. பதிப்புரிமைப் பக்கத்தில் முகவரி இருக்கும். 144-க்கு எதிரே 129 இருக்கும் படம், 144-க்கு எதிரே 161 இருக்கும் படம், ரசீது, ஐஎஸ்பிஎன் எண் ஆகிய நான்கும் போதும். உங்களுக்கு மட்டும் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு குறைவு, அது அவர்களுக்கும் தெரியும். அதனால் பெரும்பாலும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். மாற்றுப் பிரதி வரும்வரை கதை தெரியாமல் தலை வெடிக்கிறது என்றால், விட்டுப்போன 16 பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

இனிமேல் புத்தகம் வந்த அன்றே பக்க எண்களை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள், இரண்டு நிமிடம். நான் ஒருமுறை இப்படித் திரும்ப வந்த பாரத்தை ஏதோ நவீன உத்தி என்று நினைத்து, மெய்மறந்து முழுதாகப் படித்துத் தீர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரே புத்தகம் கெட்டி அட்டையிலும் மெல்லிய அட்டையிலும் கிடைக்கிறது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கெட்டி அட்டை வாங்கினால் நீண்ட நாள் உழைக்குமா?

பதில்: அட்டையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். புத்தகத்தை மூடிய நிலையில் பிடித்துக்கொண்டு, முதுகின் மேல் நுனியை உற்றுப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகப் பிரிந்து தெரிந்தால், அந்தக் கட்டுகளில் ஒன்றின் நடுவில் விரித்தால் நூலும் தெரிந்தால், அது தைத்த புத்தகம். மடிப்பே தெரியாமல் வெட்டிய கட்டையைப் போல் வழவழவென்று இருந்தால் வெறும் பசை. கெட்டி அட்டைக்குள் பசைக் கட்டு ஒளிந்திருப்பது சர்வசாதாரணம். அதற்கு இரண்டு மடங்கு கொடுப்பது கோட்டுக்குக் கொடுக்கும் காசு, ஆளுக்கு அல்ல.

பசையிலும் இரண்டு ரகம் உண்டு. சூடாக்கி ஊற்றும் சாதாரணப் பசை நாளாக ஆக விறைத்து, ஒரு நாள் நடுவில் 'படக்' என்று வெடிக்கும். பியூஆர் என்கிற பசை வளைந்து கொடுக்கும், புத்தகமும் நன்றாக விரியும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வையுங்கள். எலிப்பொறி மாதிரி மூடிக்கொண்டால் அந்தப் புத்தகத்தோடு நீங்கள் தினமும் கைகலக்க வேண்டியிருக்கும்.

தாளின் நார் ஓடும் திசையையும் பார்க்கலாம், இது பலருக்குத் தெரியாது. நார் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடினால் பக்கம் துணி மாதிரி விழும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், ஈரக் காற்றுப் பட்டால் முதுகுப் பக்கம் அலை அலையாக நெளியும். ஒரு பக்கத்தை மெதுவாக வளைத்துப் பார்த்தாலே விரல் சொல்லிவிடும்.

தாளின் தடிமனில் ஏமாறாதீர்கள். நகலெடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம், நாவலுக்கு 60, 70 கிராம் தாளே தாராளம். பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 'அமிலமற்ற தாள்' என்றோ 'ஐஎஸ்ஓ 9706' (நீண்ட நாள் தாங்கும் தாளுக்கான தர எண்) என்றோ பதிப்புரிமைப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். சில புத்தகங்களில் வட்டத்துக்குள் படுத்துக் கிடக்கும் எட்டு மாதிரி ஒரு குறி இருக்கும், அதுவும் இதே பொருள்தான். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பதற்குக் காரணம் மரக்கூழில் அப்படியே விட்டுவிடும் லிக்னின் என்கிற மரப்பொருள். மலிவுப் பதிப்புகளிலும் அதே கதைதான்.

ஒருமுறை படித்துவிட்டுக் கைமாற்றப் போகும் நாவலுக்கு மெல்லிய அட்டை. அடிக்கடி புரட்டும் கவிதைத் தொகுப்பு, அகராதி என்றால் தைத்தது. தைத்த மெல்லிய அட்டை கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளும் நானும் சேர்ந்து ஒரு மின்வாசிப்பான் வாங்க நினைக்கிறோம். கையில் டேப்லெட் இருக்கும்போது இது எதற்கு என்கிறார் என் கணவர்.

பதில்: கணவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி திரையில் இருக்கிறது. மின்வாசிப்பானில் இருக்கும் மின்மைத் (இ-இங்க்) திரையில் ஒரு பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம், பக்கம் மாறும்போது மட்டும்தான் செலவு. வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பது அதனால்தான். கொளுத்தும் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். அதைவிடப் பெரிய லாபம், நடுவில் எந்தச் செய்தியும் 'டிங்' என்று வந்து கூப்பிடாது.

ஆனால் நீங்கள் இருவரும் எதைப் படிக்கிறீர்கள்? நாவல், கட்டுரை என்றால் ஆறு அங்குலம் போதும், அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள திரையாகப் பாருங்கள். மகள் பாடநூல்களையும் ஸ்கேன் செய்த பழைய நூல்களையும் பிடிஎஃப்பாகப் படிப்பவர் என்றால் ஆறு அங்குலம் வீண். பிடிஎஃப்பில் பக்கம் ஒரு படம் மாதிரி. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கி வராது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அவருக்குப் பத்து அங்குலம், இல்லையென்றால் இருக்கிற டேப்லெட்டே நல்லது.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட முடியாது. பூட்டுப் போட்ட, அதாவது நகலெடுக்க விடாத மின்னூலை 'வாங்கு' பொத்தானை அழுத்தி எடுத்தாலும், உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009-இல் அமேசான், விற்க உரிமை இல்லாதவர் ஏற்றியது என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய பிரதிகளை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. அழிந்ததில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'-உம் உண்டு, இப்படி ஒரு பொருத்தம் கதையில் வந்தால்கூட நம்ப மாட்டோம். பணம் திரும்பியது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை இழுத்து மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் திறப்பதே நின்றுபோயின. அங்கும் பணம் திரும்பியது, ஓரக்குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாகவும் கொஞ்சம் கொடுத்தார்கள். குறிப்புகள் போனது போனதுதான்.

ஆகவே கருவி வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஈபப் என்கிற பொதுவான மின்னூல் கோப்பை நேரடியாகத் திறக்குமா? உங்கள் நூலகம் மின்னூல் இரவல் கொடுத்தால், அது இதில் வருமா? பழைய கருவி வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளரின் கணக்கு நீங்கியிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 'குட் கண்டிஷன்' என்று போட்டிருந்த பழைய புத்தகத்தை இணையத்தில் வாங்கினேன். உள்ளே முழுக்க அடிக்கோடு, ஒரு நூலக முத்திரை வேறு. இது மோசடி இல்லையா?

பதில்: முத்திரையைச் சொல்லாமல் விட்டது தவறு. அதை வைத்துப் பணம் கேட்கலாம். ஆனால் பழைய புத்தக வியாபாரத்தில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை! ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று போகும் ஏணியில் அது நடுப்படி. எல்லாப் பக்கமும் இருக்கிறது, நன்றாகக் கைபட்டிருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். கறைபடாத பிரதி வேண்டுமென்றால் 'வெரி குட்'டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

விற்பவர் போட்டிருக்கும் அட்டைப் படம் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்தது. உண்மையான பிரதியின் பதிப்புரிமைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு, எத்தனையாவது அச்சு என்று தெரிந்துவிடும். பல ஆங்கிலப் பதிப்புகளில் 10-லிருந்து இறங்குவரிசையிலோ கலைத்துப் போட்டோ ஒரு எண் வரிசை இருக்கும், அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண். காப்புரிமை முடிந்த பழைய நூல்களை ஸ்கேன் செய்து, பக்கம் கோணலாக இருந்தாலும் கவலைப்படாமல் அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. அந்த நூல்கள் இலவசமாகவே கிடைக்கலாம். 1971-இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பில் ஒருமுறை தேடிவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

பழைய தாளின் லேசான இனிப்பு வாசனை தாள் மெல்லச் சிதைவதன் வாசனை, அதை ரசிக்கலாம். ஈரத் துணி மாதிரிப் புழுங்கிய நெடி அடித்தால் பூஞ்சை, வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அடிக்கோடு மட்டும் என்றால், என்னைக் கேட்டால் வைத்துக்கொள்வேன். முகம் தெரியாத ஒருவர் எந்த வரியில் நின்றார் என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

கேள்வி: வேக வாசிப்புப் பயிற்சி ஒன்று நிமிடத்துக்கு 1000 சொல் என்று விளம்பரம் செய்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம். ஆங்கில வாசகர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புனைவல்லாத உரையை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். தமிழில் சொற்கள் நீளம், எண்ணிக்கை இன்னும் குறையும். கண்ணில் கூர்மையாகத் தெரியும் இடம் மிகச் சிறியது. ஒரே பார்வையில் பத்தியை விழுங்கலாம் என்பது விளம்பர வாசகம் மட்டுமே. வாசிப்பு ஆய்வாளர் கீத் ரேய்னரும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரையும் இதைத்தான் சொல்கிறது: வேகம் கூடினால் புரிதல் குறையும். நிறையப் படிப்பவர்கள் வேகமாகப் படிப்பது உண்மை, ஆனால் அதற்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை. அப்புறம், பிடித்த நாவலை ஏன் சீக்கிரம் முடிக்க வேண்டும்?

கேள்வி: புதிதாக வாங்கிய அலமாரியின் தட்டுகள் ஒரே வருடத்தில் தொட்டில் மாதிரி வளைந்துவிட்டன. மரம் மட்டமா?

பதில்: மரம் மட்டமாக இருக்கலாம், நீளம்தான் முக்கியக் குற்றவாளி. புத்தகம் நாம் நினைப்பதைவிடக் கனம். ஒரு மீட்டர் வரிசை 25 கிலோவை எளிதாகத் தொடும். தட்டின் நீளத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆக்கினால் வளைவு ஒன்றரை மடங்கு கூடாது, ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடும். அதே நேரம் பலகையின் தடிமனை 18 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆக்கினால் இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு கூடும். மரத்தூள் பலகை என்றால் 60-ஐத் தாண்டாதீர்கள். இருப்பதைக் காப்பாற்ற, தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, முன்விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு கட்டை அடியுங்கள். உயரமான அலமாரி என்றால் சுவரோடு பிணைத்துவிடுங்கள், குழந்தைகள் ஏறும்.

கேள்வி: ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா? படிக்கும்போது போட நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நாஃப்தலீன் அந்துருண்டையின் ஆவி நமக்கே கெடுதல், கைக்குழந்தை உள்ள வீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள். பூச்சி தேடி வருவது ஈரத்தையும் பசையையும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவையுங்கள், காற்று போகட்டும். பூச்சி ஏறிய புத்தகத்தைப் பாலித்தீன் பையில் இறுக்கி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோக்கும். கண்ணாடி விஷயத்தில், 17 சோதனைகளை அலசிய 2023-ஆம் வருடத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல மேசை விளக்கு வாங்குங்கள்.

கேள்வி: புத்தகப் புழுவான தோழிக்குப் பிறந்தநாள். என்ன வாங்கித் தரலாம்? அவளிடம் இரவல் வாங்கிய மூன்று புத்தகங்கள்கூட என்னிடம் இருக்கின்றன, அந்த ரகத்திலேயே தேடட்டுமா?

பதில்: முதலில் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முகம் மலர்ந்த பிறகு பரிசைப் பற்றிப் பேசலாம்.