ஏற்காட்டு மட்டக்குதிரைக்கு முடி வழிக்கலாமா?

கேள்வி: ஏற்காடு ஏரிப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர ஒரு மட்டக்குதிரை வாங்கியிருக்கிறேன். இமயமலைப் பக்கத்து ஸ்பிதி ஜாதி என்றார் தரகர். மார்கழியில் கரடி மாதிரி ரோமம் வைத்தது. பங்குனி பிறந்தும் பாதிதான் கொட்டியிருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்குச் சேலம் இறக்கினால் வியர்த்து நனைந்துபோகிறது. மிஷின் போட்டு வழித்துவிடலாமா?

பதில்: முழுசாக வழிக்காதீர்கள். சேலத்துக்கு இறங்குவது முகூர்த்த நாளில் மட்டும்; மற்ற நாளெல்லாம் அது நிற்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில்.

காலைப் பனியில் நின்ற குதிரையின் விலாவில் விரலை விட்டு ரோமத்தைப் பிளந்து பாருங்கள். மேல்முடியின் நுனியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அடியில் குட்டை முடி மெத்தென்று இருக்கும், தோல் காய்ந்திருக்கும். விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டும். அந்த எண்ணெய்தான் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. அடிக்கடி ஷாம்பு போட்டால் அது போய்விடும். குளிர் தட்டினால் முடியடியில் இருக்கும் நுண்ணிய தசைகள் முடியை நிமிர்த்தும். இடையில் சிக்கும் காற்றுதான் குதிரைக்குப் போர்வை. பாவம் என்று மேலே சாக்கைக் கட்டினால் முடி படிந்து அந்தக் காற்றும் போய்விடும்.

ரோமம் கொட்டுவது வெயிலைப் பார்த்து மட்டுமல்ல, முக்கியமாகப் பகலின் நீளத்தைப் பார்த்து. ஸ்பிதியில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நம் பக்கம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து வந்த குதிரைக்கு இங்கே ‘கொட்டு’ என்ற சைகை மங்கலாகத்தான் கிடைக்கும். ஆகவே பங்குனியில் பாதி நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வயிறும் காலும் கடைசியில்தான் கொட்டும். தினமும் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள், உதிர வேண்டியது கையோடு வந்துவிடும்.

சேலம் வேலை இருந்தால் அடிக்கழுத்திலும் நெஞ்சிலும் மட்டும் குட்டையாகக் கத்தரிக்கலாம். பிடரி, வால், காதுக்குள் இருக்கும் முடி, குளம்புக்கு மேல் தொங்கும் முடி எதையும் தொடாதீர்கள். ஈ விரட்டவும் மழைநீரை வழியவிடவும் அவை வேண்டும். ஊர்வலம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, உடம்பில் நிற்கும் தண்ணீரை வழித்தெடுத்து, மறுபடி ஊற்றுங்கள். ஈரம் காயாமல் வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதுகில் முடி கொத்துக் கொத்தாக, அடியில் பொருக்கோடு பெயர்ந்து வந்தால் அது கொட்டுதல் இல்லை. ஈரத்தில் வரும் பாக்டீரியாப் புண். கொட்டிலில் காய்ந்த இடம் கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. அந்தியூர் குதிரைச் சந்தையில் பார்த்திருக்கிறேன், சுழி பார்க்கவே பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். சுழி என்பது முடி திசை மாறும் இடம், அவ்வளவுதான். வயதைச் சொல்வது பல். குதிரைக்குப் பதினைந்து வயது தாண்டியிருந்து, வைகாசியிலும் நீள முடி சுருண்டு நின்று, தண்ணீரும் அதிகம் குடித்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அது குளம்பழற்சியில் கொண்டுபோய் விடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் மருத்துவரை வைத்துப் பல்லைப் பாருங்கள். தரகர் சொன்ன வயதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.