அந்தப் பலகைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானபின் அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஆளுயர மரப்பலகை ஒன்றை வாங்கினேன். ‘கென்யா’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. உச்சியில் தட்டையான வட்டத் தலை, உடம்பெல்லாம் முக்கோணச் செதுக்கல். அடிப்பகுதி மட்டும் அரித்துப்போயிருக்கிறது. அதை அறுத்துவிட்டு, வார்னிஷ் அடித்து ஹாலில் நிறுத்தலாமா? மனைவி இது ஏதோ சமாதிக் கட்டை, வீட்டில் வேண்டாம் என்கிறார்.

பதில்: அறுக்காதீர்கள், வார்னிஷும் வேண்டாம். உங்கள் மனைவி சொன்னது ஏறக்குறைய சரி.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ‘கிகங்கோ’வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பன்மையில் ‘விகங்கோ’ என்பார்கள். கென்யக் கடற்கரையில் மொம்பாசா, கிலிஃபி, மாலிந்திப் பக்கம் வாழும் மிஜிகெண்டா மக்களுடையது; அவர்களின் ஒன்பது குழுக்களில் குறிப்பாக கிரியாமா மக்களிடம் இது அதிகம். ‘கோஹு’ என்ற பெரியவர்கள் சங்கத்தில் இருந்த ஆண்கள் இறந்தபின் அவர்களுக்காக நடுவது. மற்ற முன்னோருக்கு ‘கோமா’ என்ற சிறிய கட்டைகள் போதும்.

சமாதிக் கட்டை என்பதில் ஒரே ஒரு திருத்தம். இது புதைத்த இடத்தில் நிற்பதில்லை, வீட்டு வளவுக்குள் நிற்கும். இறந்து சில காலம் கழித்து, அவர் யார் கனவிலாவது வந்து குறை சொல்வார்; அல்லது வீட்டில் நோயும் கஷ்டமும் தொடரும். அப்போதுதான் செய்யச் சொல்வார்கள். கரையான் சீக்கிரம் அரிக்காத கெட்டி மரமாகப் பார்த்துச் செதுக்கி, நட்டு, துணிக்கீற்று கட்டி, கள் வார்ப்பார்கள். அதன்பின் அது மரமல்ல, அந்த மனிதரே. குடும்பம் வேறு இடம் பெயர்ந்தாலும் அதைப் பிடுங்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் நின்ற இடத்திலேயே மக்கிப்போக வேண்டும் என்பதுதான் முறை. நீங்கள் அறுக்க நினைக்கும் அடிப்பகுதிதான் மண்ணுக்குள் இருந்தது. அது உண்மையிலேயே நடப்பட்ட பலகை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சியும் அதுதான். விற்பதற்கென்றே செய்த பலகையாக இருந்தால் பெரும்பாலும் அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி இருக்கும்.

நட்டதைப் பிடுங்கக் கூடாது என்றால் அமெரிக்காவுக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் திருட்டு. 1970களிலிருந்து விகங்கோவுக்கு வெளிநாட்டுச் சந்தை சூடுபிடித்தது. மானிடவியலாளர் மோனிகா உட்வார்டி 1985இல் ஒரு கிராமத்தில் இரண்டு விகங்கோவைப் படம் எடுத்தார். கொஞ்ச நாளில் இரண்டும் காணாமல் போயின. 1999இல் ஒரு மாநாட்டில் லிண்டா ஜைல்ஸ் என்ற ஆய்வாளர் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தபோது, காணாமல் போன இரண்டில் ஒன்று உட்வார்டிக்குப் பளிச்சென்று அடையாளம் தெரிந்தது! அது இலினாய் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத் தொகுப்பில் இருந்தது. ஜோடியில் மற்றது வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். இரண்டும் 2007இல் அதே குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. ஒரு பழைய போட்டோ இல்லையென்றால் இது நடந்திருக்காது.

அதனால் முதல் வேலை படம் எடுப்பதுதான். முன்புறம், பின்புறம், அடிப்பகுதி, ஒட்டிய சீட்டு, துணி ஒட்டியிருந்தால் அதுவும். விற்பனை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பெரியவரின் பிள்ளைகள் கிடைத்தால், எந்த வருடம், யாரிடம் வாங்கினார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். துடைப்பதானால் மென்மையான காய்ந்த பிரஷ் போதும். தண்ணீர், எண்ணெய் எதுவும் படக் கூடாது.

பிறகு நைரோபியில் உள்ள கென்யத் தேசிய அருங்காட்சியகங்களுக்கும் வாஷிங்டனில் உள்ள கென்யத் தூதரகத்துக்கும் படங்களோடு எழுதுங்கள். அமெரிக்கச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துமா என்றால், அமெரிக்கப் பூர்வகுடிகளின் பொருட்களைத் திருப்பித் தரச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்தாது. கொடுப்பது உங்கள் மனசுதான். என்னைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வரிச்சலுகைக்காக உள்ளூர் அருங்காட்சியகத்துக்குத் தானம் செய்யும் யோசனை வரலாம்; அது வேண்டாம். அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் பல பலகைகள் போய்ச் சேர்ந்ததே அப்படித்தான். டென்வர் அருங்காட்சியகத்தில் இருந்த முப்பதும் ஹாலிவுட்காரர்கள் இருவர் கொடுத்தவை.

பொறுமை வேண்டும். அந்த முப்பதையும் திருப்பித் தருவதாக 2014இல் முடிவானது. கென்யா போய்ச் சேர்ந்தது 2019இல். அனுப்பும் செலவும் சுங்க வரியும் யார் தலையில் என்பதை எழுத்தில் பேசி முடித்துவிட்டுப் பார்சல் கட்டுங்கள். எந்தக் குடும்பத்துடையது என்று தெரியாவிட்டால் கென்ய அருங்காட்சியகத்தின் பொறுப்பில்தான் இருக்கும். அதற்காகத்தான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன்.

அதுவரை வீட்டில் வைக்கப் பயமா? ஈரம் படாத அறையில், மெத்தென்ற துணி விரித்துப் படுக்கவைத்தால் போதும். ஹாலில் மட்டும் வேண்டாம், வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.