மேலுமலை ஏற்றத்தில் சூடாகும் குவாலிஸ்: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்களிடம் 2004-ம் வருட டொயோட்டா குவாலிஸ் டீசல் வண்டி இருக்கிறது. அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. காவேரிப்பட்டணத்திலிருந்து குடும்பத்தோடு ஓசூர் போகும்போது மேலுமலை ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. வீட்டு போர் தண்ணீரையே ஊற்றிக்கொள்கிறோம். ஒரு மெக்கானிக் ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வை, பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். தெரிந்த புரோக்கர் ஒருவர், "ஜப்பான் இன்ஜின் ஏற்றித் தருகிறேன், ஆர்.சி. வேலையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். மூன்று பேருமே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் யோசனை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: "வீட்டு போர் தண்ணீர்".

முதலில் ஹெட் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் இன்ஜின் பாகம். அது கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பைசா செலவில்லை. காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைப் போடாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்தில் நாலைந்து குமிழி வந்து அடங்கினால் உள்ளே சிக்கியிருந்த காற்றுதான், கவலை இல்லை. இன்ஜின் சூடாவதற்கு முன்பே விடாமல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தண்ணீர் பொங்கி வெளியே தள்ளினால், சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட்டே வெடிப்பு விட்டிருக்கும். ஆயில் கேஜில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் இதே சந்தேகம்தான். இரண்டும் இல்லையென்றால் ஹெட்டைத் தொட விடாதீர்கள். சமதளத்தில் தொந்தரவே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் சூடாகிறது? குவாலிஸில் இருப்பது 2,446 சிசி டீசல் இன்ஜின். டர்போ கிடையாது, சக்தி சுமார் 75 குதிரைத்திறன்தான். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் சாலை ஏற ஆரம்பிக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டுப் பேர், மேலே லக்கேஜ், உள்ளே ஏ.சி. என்று போகும்போது அந்த இன்ஜின் தன் முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும். முழு பலத்தில் வரும் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டரும் முழுசாக வேலை செய்ய வேண்டும். பாதி அடைத்த ரேடியேட்டர் சமதளத்துக்குப் போதும், மேலுமலைக்குப் போதாது.

அந்த அடைப்புக்குக் காரணம் நம் ஊர் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடு ரேடியேட்டரை அடைக்காது. அதே தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு அடைக்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இன்ஜின் பிளாக்கின் உள்ளேயும் பிடிக்கிறது. வாரத்துக்கு அரை லிட்டர் என்றால் வருடத்துக்கு இருபத்தாறு லிட்டர் போர் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. நாம் குடிக்கக் கூடாது என்று ஒதுக்கிய தண்ணீரை இருபது வயதான இன்ஜினுக்கு ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கும் கடையில் கொடுங்கள். டேங்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் குழாய்த் தொகுப்பான கோரைச் சுத்தம் செய்து, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்துத் தர வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்றால் கொடுக்காமல் ரேடியேட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சுண்ணாம்புப் படிவோடு குழாயும் கரையும், மூன்றாவது மாதம் ஒழுகும். கழற்றும்போது ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதியும் பூச்சியும் கெட்டிப்பட்டு உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸில் இது போகாது.

திரும்ப மாட்டியதும் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரி பாதி. பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அந்தத் தண்ணீர்தான். இரண்டு பிராண்டு கூலன்ட்டைக் கலக்க வேண்டாம், நிறம் ஒன்றாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் இந்த மூடி செய்கிறது: உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் காக்கிறது. ரப்பர் வாஷர் வெடித்துப் போனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆவியாகும், குறையும். உங்களுக்கு வாரம் அரை லிட்டர் குறைவதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம். மூடியை மாற்றிய பிறகும் குறைந்தால் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஃபேனுக்கு வருவோம். குவாலிஸில் ஃபேன் நேராக முடுக்கப்படவில்லை. நடுவில் விஸ்கஸ் கப்ளிங் என்று ஒரு வட்டமான டப்பா இருக்கும். உள்ளே சிலிக்கான் ஆயில். சூடு ஏற ஏற அது பிடிமானம் கொடுத்து ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும். நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடை கொடுத்து உடனே நிற்க வேண்டும். மூன்று நான்கு சுற்று தாராளமாகச் சுற்றினால், அல்லது கப்ளிங்கின் முகத்தில் ஆயில் பிசுக்கு புழுதியோடு ஒட்டியிருந்தால், கப்ளிங் செத்துவிட்டது. புதிதாகப் போடுங்கள். இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம்: கப்ளிங்கை வெல்டு அடித்து அல்லது போல்ட் போட்டு ஃபேனை நிரந்தரமாகப் பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். அன்றைக்குச் சூடு குறையும்தான். ஆனால் எந்த வேகத்திலும் ஃபேன் விடாமல் சுற்றும், டீசல் குடிக்கும், பம்ப் பேரிங்கைத் தின்னும், ஒரு நாள் றெக்கை உடைந்து ரேடியேட்டரையே கிழிக்கும். புதுக் கப்ளிங் விலையை மிச்சம் பிடிக்கப் போய் ரேடியேட்டர் வாங்க வேண்டி வரும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கும் யோசனை தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் ரொம்பப் பழையது, தவறானதும்கூட. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்பார்கள். டொயோட்டா வடிவமைப்பில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, பைபாஸ் என்ற குறுக்கு வழியை அடைக்கவும் செய்யும். அதை எடுத்துவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் சூடு குறையாது, கூடும். சமதளத்திலும் காலையிலும் இன்ஜின் போதிய சூட்டுக்கு வராமல் புகை தள்ளும், டீசல் அதிகம் குடிக்கும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு, நீங்கள் சூளகிரிக்கு முன்னால் ராத்திரி நேரத்தில் குழந்தைகளோடு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எப்படித் தெரியும்? முள் சிவப்பில் இருக்கும். ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் துணி சுற்றித் தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் இருக்கிறது, கசிவும் இல்லை. அப்போது இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, ஒரு மெக்கானிக் கையால் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ஏ.சி. போடாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் பக்கத்து ஊர் வரை போகலாம். முழுசாக அடைத்த வழியைவிடப் பாதி திறந்த வழி மேல் என்பதால் மட்டுமே இது. மறுநாள் கடை திறந்ததும் புது தெர்மோஸ்டாட் போட்டாக வேண்டும். "எடுத்ததும் நன்றாகத்தானே ஓடியது" என்று அப்படியே விட்டுவிடுவதற்கு இது அனுமதி இல்லை. ஹோஸ் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஓட்டும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். டீசல் மிச்சமாகும் என்று டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். முக்குவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு வாருங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்பும் ஃபேனும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். முள் பாதியைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி, ஆவி வராத வரை சில நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, பிறகு நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள் மூடியைத் திறக்கவோ, சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவோ கூடாது. இந்த வரிசை இன்ஜினில் ஹெட் வெடிப்பு விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

சூடான இன்ஜினை ஆற வைக்கிறேன் என்று இறக்கத்தில் சாவியைத் திருப்பி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்குவம் நின்றுவிடும். இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் இறுகிவிடும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறங்கும்போது இந்தப் புத்தி எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த "ஜப்பான் இன்ஜின்". வெளிநாட்டில் கழித்துக் கட்டிய வண்டிகளைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, அதிலிருந்து எடுத்து விற்கும் இன்ஜின் என்பார்கள். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை சூடேறியது, உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. முறையான பில் தரமாட்டார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கழற்றிய உள்ளூர் இன்ஜினையே கழுவி, பெயின்ட் அடித்து ஜப்பான் என்று விற்பதும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜினுக்கு அதை எப்படி ஏற்றுவார்கள்?

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பழைய நம்பரைப் புது பிளாக்கில் குத்தித் தருவேன் என்பதுதான் பெரும்பாலும் பதில். அது குற்றம், ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான்.

இந்தப் புரோக்கர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஒரு நேர்மையான மாற்றத்தைப் பதிவு செய்ய சாதாரண மனிதன் எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆன்லைனில் பணம் கட்டிய பிறகும் அசல் தாளோடு நேரில் வா என்கிறார்கள். வந்தால் இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்கு வா என்கிறார்கள். அலுவலக வாசலில் நிற்கும் ஆளுக்குத் தெரியும் விவரம் உள்ளே அறிவிப்புப் பலகையில் இல்லை. இதைச் சரி செய்ய கோடி ரூபாய் திட்டம் எதுவும் வேண்டாம், ஒரு பலகை போதும்.

இதே ஆட்கள் ஆர்.சி. புதுப்பிக்கும்போது "டொயோட்டா என்றால் இறக்குமதி வண்டி, கட்டணம் அதிகம்" என்று சொல்லியும் கறப்பார்கள். இறக்குமதி செய்த நான்கு சக்கர வண்டிக்குக் கட்டணம் பல மடங்கு என்பது உண்மை: 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் கடந்த சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய், 2025-ல் இருபது வருடம் கடந்த வண்டிகளுக்கு அது 10,000, 80,000 என்று ஆகிவிட்டது. ஆனால் குவாலிஸ் இந்தோனேசியாவின் கிஜாங் வண்டியின் வழியில் வந்தாலும், பெங்களூரு பக்கத்தில் பிடதியில் தயாரானது. உங்களுடையது இறக்குமதி வண்டி இல்லை. படிவம் 25-ஐ நீங்களே நிரப்பி, காலாவதிக்கு முந்தைய அறுபது நாளுக்குள் கொடுங்கள்.

குமிழிச் சோதனையில் ஹெட் குறை உறுதியானால்கூட இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வெறும் கேஸ்கட் மட்டும் மாற்றி மூடினால் இரண்டே மாதத்தில் மறுபடி இறக்க நேரும்.

கடைசியாக டைமிங் பெல்ட், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட். இந்த இன்ஜினுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அப்பா எப்போது மாற்றினார் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும், அப்புறம் ஹெட் தானாகவே இறங்கும். ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றும் அன்றைக்கே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். முன்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும், பாதிக் கூலி மிச்சம்.