செயற்கைக் குழாயில் சீழ்: மாத்திரை போதுமா?

அப்பாவுக்குத் தொடை இடுக்கில் வைத்த செயற்கை ரத்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கிறது, மாத்திரையில் ஆறாதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆறாது. கிருமிகள் குழாயின் மேல் வழவழவென்று படலம் கட்டி உட்கார்ந்துவிடும். மருந்து உள்ளே சரியாக இறங்காது. தையல் அரித்து விட்டுப்போனால் ரத்தம் பீறிடும், அதுதான் பயமே.

டாக்டர் சொன்ன ஆப்டுரேட்டர் பைபாஸ் புதுசு இல்லை, 1963லேயே எழுதப்பட்டது. இடுப்பெலும்பில் இயற்கையாக உள்ள துளை வழியாகப் புதுக் குழாயை உள்தொடைக்கு இறக்குவார்கள். சீழ் இருக்கும் இடத்தைத் தொடாமலே காலுக்கு ரத்தம் போய்விடும். புதுக் குழாய் வைத்த அறுவைக் காயங்களை மூடிய பிறகே பழைய குழாயை எடுப்பது வழக்கம். புதுக் குழாயாகக் காலிலிருந்தே சிரை எடுத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சிரை கிருமியை ஓரளவு தாங்கும்.

அப்புறம், காயத்துக்குப் போட்ட கட்டின் மேல் புது ரத்தம் துளி தெரிந்தாலும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.