பெயர் போட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கைபேசியில் ஒரு கதைச் செயலியில் இரண்டு வருடமாக எழுதுகிறேன். மாமியார் மருமகள் தொடர் ஒன்று 34 அத்தியாயம் போயிருக்கிறது. அத்தியாயத்துக்கு நூறு பேராவது ஏதாவது எழுதுவார்கள். ‘அருமை’, ‘அடுத்த பகுதி எப்போது’, ‘அந்தக் கிழவிக்கு நல்லா வேணும்’, இப்படி.

போன தை மாதம் அப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு எட்டு ராத்திரி காவல் படுத்திருந்தார். அந்தப் பனி, தார்ப்பாய், எடை போடும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று கை மாறிய பணம், எல்லாவற்றையும் வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். மூன்று மாதம் திருத்தினேன். ஆயிரம் பேருக்கு மேல் படித்ததாகக் காட்டுகிறது. பின்னூட்டம் நான்குதான். ஒருவர் ‘அருமை தோழி’ என்றார். ஒருவர் ‘என் கதையையும் படியுங்கள்’ என்றார். இன்னொருவர், ‘ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுப்பார்கள், நீங்கள் 14 என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்றார். நான்காவது, பெயருக்குப் பதில் வெறும் பூப்படம் வைத்த ஒருவர்: ‘எங்கப்பாவும் படுத்துக் கெடந்தாங்க.’ அவ்வளவுதான்.

என் கதை சரியில்லையா? வாசகரை எதுதான் பேச வைக்கிறது? தொடரோடு நின்றுகொள்ளவா?

பதிலைத் தளத்தில் போடுவதென்றால் என் பெயர் போட வேண்டாம். ஊரில் எல்லாரும் படிக்கிறார்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வலங்கைமான் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். எண்பதுகளில் அஞ்சலட்டை 15 பைசா. மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு எங்கள் ஊர்களிலிருந்து வாரம் பத்துப் பதினைந்து அட்டை போகும். முத்திரை குத்தும்போது அட்டை திறந்தே கிடக்கும், கண் போகத்தான் செய்யும். கதையின் நடை, அமைப்பு என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. ‘அந்தப் பெண்ணை வாழ வைத்துவிடுங்கள்’ என்று தொடர்கதை ஆசிரியருக்கு ஓர் அட்டை போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே ‘இப்படிக்கு, ஒரு வாசகி’. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகியும் புருஷன் வீட்டிலிருந்து அழைத்துப்போக யாரும் வராத பெண் அது. தன்னை வாழ வைக்கும்படி அவள் ஊரில் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. கதையில் வரும் பெண்ணுக்காக 15 பைசாவில் கேட்டாள்.

ஆகவே, ‘அந்தக் கிழவிக்கு நல்லா வேணும்’ என்று எழுதுகிறவர்களை நீங்கள் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு, கட்டைவிரலால் அதைத் தட்டுகிறவள் யாரைச் சொல்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? தன் வீட்டுக் கிழவியைப் பற்றி அவளால் ஓர் எழுத்து எழுத முடியாது. உங்கள் கதைக் கிழவியைத் திட்டினால் நாத்தனார் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த இடத்தை நீங்கள் அவளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

‘அருமை’யும் அப்படித்தான். எங்கள் அத்தை கார்த்திகை மாத மழையில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். பிள்ளைகள் ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டுவது நின்றால் கதையை நிறுத்திவிட்டு, ‘தூங்கிட்டியாடா?’ என்பார். அந்த ‘உம்’மில் விமர்சனம் ஏதும் கிடையாது. இருக்கிறேன், கேட்கிறேன், மேலே சொல்லு, அவ்வளவுதான். அது இல்லாமல் அத்தையால் ஓர் அடி நகர முடியாது. உங்களாலும் 34 அத்தியாயம் நகர்ந்திருக்க முடியாது.

‘என் கதையையும் படியுங்கள்’ என்பது மொய். பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்துவார்களே, அதே கணக்கு. எழுதியவருக்குத் திரும்பி எழுத வேண்டும், நோட்டில் பெயர் இருக்கும். மொய்யால் பிழைத்து எழுந்த குடும்பங்கள் உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். திருப்பிச் செய்துவிடுங்கள். ஆனால் அதை வாசிப்பு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

17 சதவீதக்காரரிடம் வருகிறேன். அவர்மேல் உங்களுக்கு வருத்தம் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் மரியாதை. என் கதை ஒன்றில் குறுவைக்கு, அதாவது குறுகிய காலப் பட்டத்துக்கு, சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தை விதைத்ததாக எழுதிவிட்டேன். அது நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கிற சம்பா ரகம். குறுவைக்கு ஆடுதுறை 43 மாதிரி 110 நாளில் அறுப்புக்கு வருவதுதான் போடுவார்கள். பதினோரு பேர் திருத்தினார்கள். அதில் நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எண் தேடிப் பிடித்து ஃபோனில் கூப்பிட்டார். ரகத்தைத் திருத்தி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு நாற்பது நிமிஷம் பேசினார். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் குறுவைக்குத் தண்ணீர் விட ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காதது, முதல் மூன்று வருஷம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றது, நாலாவது வருஷம் மாட்டை விற்றது, மகன் திருப்பூர் போனது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைக்கும்போது, ‘அந்த ரகத்தை மட்டும் மாத்திடுங்க தம்பி’ என்றார்.

அந்த ஃபோனுக்குப் பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. ஒரு கதையைப் பாராட்ட மனிதருக்கு வார்த்தை வேண்டியிருக்கிறது, ‘நம்ம தமிழ் சரியா இருக்குமோ’ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. பிழையைச் சொல்ல அந்தக் கூச்சம் இல்லை. வயலில் நின்ற கால் போதும். பல பேருக்குத் திருத்தம்தான் வாசல், உள்ளே வந்த பிறகுதான் மனசில் இருப்பதைப் பேசுவார்கள். நீங்கள் 14-ஐ 17 ஆக்கிவிட்டு அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆயிரம் பேர் தாண்டிப் போன எண்ணில் அவர் ஒருவர் நின்றிருக்கிறார்.

இனி உங்கள் கதைக்கு ஏன் பேச்சு வரவில்லை என்பது.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை என்று தென்னை வைத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் தோப்பு இல்லாமல் போனது. சில மாதம் கழித்து விழுந்த மரங்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். அவசரத்தில் எழுதியது, இன்று படித்தால் பாதியை வெட்டுவேன். ஆனால் என் கதைகளில் எதற்கும் அவ்வளவு பதில் வந்ததில்லை. என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘எங்களுக்கு 60 மரம்.’ ‘எங்க பெரியப்பாவுக்கு 400.’ ‘வீட்டு வாசல்ல ரெண்டு, தாத்தா வச்சது.’ எண்ணிக்கை மட்டும். பெயர் போட்டு, ஊர் போட்டு எழுதினார்கள்.

உங்கள் கதை அதைவிடத் தேறியது. வந்தது நாலு. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் நிறைய யோசித்திருக்கிறேன். புயலைப் பற்றி யாரும் பேசலாம். நாளைக்கு அந்தப் புயலின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. மரம் போனதில் வெட்கமும் இல்லை, எல்லாருக்கும்தான் போனது. உங்கள் கதையில் பணம் கை மாறுகிறது. வாங்கியவர் யாருக்கோ மச்சான், யாருக்கோ பக்கத்து வீடு. கொடுத்தவருக்கும் கொடுத்ததைச் சொல்லக் கூச்சம். அடுத்த தையில் அதே களத்தில்தான் நெல்லைக் கொட்டியாக வேண்டும். இந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் உண்மை என்று யாருக்கு நன்றாகத் தெரியுமோ, அவர்களால்தான் இதற்குக் கீழே பெயர் போட்டு எழுத முடியாது. எழுதிய நீங்களே எனக்கு என்ன எழுதினீர்கள்? பெயர் போட வேண்டாம், ஊரில் எல்லாரும் படிக்கிறார்கள். உங்கள் வாசகர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், தங்கை.

வாசகர் வாய் திறப்பதும் திறக்காததும் பேசினால் தனக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது என்றுதான் நான் நம்புகிறேன். கதை நல்லதா கெட்டதா என்பதற்கு அதில் சின்னப் பங்குதான். நல்ல கதை எல்லாவற்றுக்கும் மௌனம்தான் வரும் என்று சொல்லவில்லை. மோசமான கதைக்கும் மௌனம் வரும். அதனால்தான் எண்ணிக்கையைப் பார்த்துக் கதையை எடை போட முடியாது என்கிறேன்.

தொடரை நிறுத்த வேண்டாம். அங்கே நூறு பெண்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கவனித்துக் கேளுங்கள். சிறுகதையையும் விட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பூப்படக்காரருக்குப் பதில் எழுதினீர்களா? கடிதத்தில் ‘அவ்வளவுதான்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். ‘எங்கப்பாவும் படுத்துக் கெடந்தாங்க’ என்று எழுத அவர் எத்தனை தடவை தட்டி அழித்தாரோ. உங்களைப் போலவே பெயரை மறைத்துக்கொண்டு, ஆனாலும் எழுதியிருக்கிறார். இன்றைக்கே எழுதுங்கள். எந்த வருஷம், எத்தனை ராத்திரி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். எந்த நிலையம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்